வாசகர் கேள்வி – பதில்: குடந்தை வீதிகளில் விலங்குகளைத் தேடி

கும்பகோணத்தில் வழிகாட்டி யாரையும் அமர்த்தாமல், தாமாகவே நடந்து, கட்டடங்களில் உள்ள விலங்குச் சிற்பங்களைப் பார்த்து வரலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதையொட்டி டெல்டாவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறோம்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். எங்கே தொடங்கி எந்த வழியாக நடப்பது?

பதில்: காலையில் நடை திறந்தவுடன் நாகேஸ்வரன் கோயிலில் தொடங்குங்கள். அங்குள்ள நடராசர் மண்டபம் கல்லிலே செய்த தேர். சக்கரங்கள் உண்டு, அதை இழுத்துச் செல்லும் குதிரைகளும் யானைகளும் உண்டு. நகரும் பொருளைக் கல்லில் நிறுத்துவதென்றால் விலங்கின் உடலில்தான் அந்த நகர்வைக் காட்ட முடியும் என்பதைச் சிற்பி நன்றாக அறிந்திருக்கிறார். ஆகவே சக்கரத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், குதிரையின் முன்கால்களையும் யானையின் தோளையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலமே உள்ள சிறு சிறு சிற்பத்தொகுதிகளும் இருக்கின்றன. சோழர் காலத்துத் தொடக்க வேலையின் நுணுக்கத்தை அவற்றில் காணலாம். குனிந்து பார்க்காதவர்களுக்கு அவை இருப்பதே தெரிவதில்லை.

அங்கிருந்து மேற்கே சிறிது நடந்தால் சாரங்கபாணி கோயில். இங்கே கருவறையே தேர் வடிவம். அதையும் குதிரைகளும் யானைகளும் இழுக்கின்றன. ஒரு சிவன் கோயில் தேரையும் ஒரு பெருமாள் கோயில் தேரையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று. ஆதலால் இந்த இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடுமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். பிறகு பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஆதிகும்பேஸ்வரர் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் 27 நட்சத்திரங்களையும் 12 ராசிகளையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஆடு, காளை, நண்டு, சிங்கம், தேள், மகரம், மீன் என்று ஒரு விலங்குக் கூட்டமே அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

நண்பகல் 12 மணியளவில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குமேல் திறப்பது வழக்கம். அந்த இடைவேளையை வீதிகளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இராமசுவாமி கோயிலுக்குப் போகலாம். அங்கே ஆஞ்சநேயர் ஒரு கையில் வீணையும் மறு கையில் இராமாயணச் சுவடியுமாகக் காட்சி தருகிறார். வெயில் தாழ்ந்தபின் மகாமகக் குளக்கரையில் முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): கோபுரத்தையும் விமானத்தையும் அண்ணாந்து பார்க்கிறேன், கூட்டமாகத் தெரிகிறதே தவிர எதுவும் மனத்தில் பதிவதில்லை. எதை எங்கே பார்ப்பது என்று சொல்ல முடியுமா?

பதில்: இந்த இதழின் முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோயில் கட்டடத்தில் எந்த விலங்கும் நினைத்த இடத்தில் உட்காருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் மரபில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் தெரிந்துவிட்டால், வண்ணம் மங்கியிருந்தாலும் மூக்கு உடைந்திருந்தாலும் அது இன்ன விலங்கு என்று சொல்லிவிடலாம். மேலேயிருந்து பார்க்கத் தொடங்குவதால்தான் கண் குழம்புகிறது. கட்டடம் எழுந்த வரிசையிலேயே கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில் தாங்குதளம். சுவர் எழும்பும் முன், தரையோடு தரையாக அடுக்கியிருக்கும் கல்வரிகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். இதில் பாதபந்தம், பிரதிபந்தம் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பாதபந்தத் தாங்குதளத்தில் விலங்குகளின் வரிசை இராது. பிரதிபந்தத்தில், உருண்டோ பட்டைகளாகவோ இருக்கும் குமுதம் என்ற கல்வரிக்கு மேலே, யாளிகள் என்னும் கற்பனை விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் செல்லும். இதுவே யாளிவரி. இந்த வரி மூலை திரும்பும் இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். அங்கே முதலைபோன்ற கற்பனை விலங்கான மகரத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் திறந்த வாய்க்குள் விரல் உயரத்தில் ஒரு வீரன் கத்தியும் கேடயமுமாக நின்றுகொண்டிருப்பதையும் பல இடங்களில் காணலாம். நேரே நின்று பார்த்தால் வாய் மட்டும்தான் தெரியும். மூலையைத் தாண்டி ஓரடி விலகி நின்றால்தான் உள்ளே இருப்பவன் தென்படுவான்.

அடுத்து படிக்கட்டு. படியின் இருபுறமும் உள்ள கைப்பிடிச் சுவர், யாளியின் வாயிலிருந்து இறங்கி வரும் நீண்ட துதிக்கையாகவும், கீழே சுருண்டு முடிவதாகவும் அமைந்திருக்கும். சுவரில், இறையுருவங்கள் நிற்கும் கோட்டங்களுக்கு மேலே மகரதோரணம். இரு ஓரத்திலும் மகரங்கள், நடுவே சிற்றுருவங்கள். சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், வளைந்து வெளியே நீளும் கபோதத்துக்கு அடியில், குள்ளமான பூதங்களின் வரிசையோ அன்னங்களின் வரிசையோ ஓடும். கபோதத்தின் முகப்பில் குதிரை லாட வடிவில் இருக்கும் கூடுகளின் உச்சியில் சிம்மமுகம் இருக்கும். கபோதத்துக்கு மேலே மீண்டும் ஒரு யாளிவரி வரும். ஒரு தளம் முடிந்தது என்று அது நமக்குச் சொல்கிறது.

இனி அண்ணாந்து பாருங்கள். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் கழுத்துப் பகுதியில், நான்கு மூலைகளிலும் உட்கார்ந்திருக்கும் விலங்கு எது என்று கவனியுங்கள். நந்தி இருந்தால் அது பெரும்பாலும் சிவன் கோயில். கருடன் இருந்தால் பெருமாள் கோயில். மயில் இருந்தால் முருகனின் சன்னிதி. அம்மன் கோயில்களில் சிங்கம் இருப்பதுண்டு. வீதியின் மறுகோடியில் நின்றுகொண்டே, பெயர்ப்பலகையைப் படிக்காமல், உள்ளே இருப்பவர் யார் என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம். கோபுரமாக இருந்தால், கலசங்களின் வரிசைக்கு இரண்டு பக்கமும், உருட்டு விழிகளோடு அகன்ற வாயைத் திறந்திருக்கும் பெரிய முகம் இருக்கும்.

இவ்வளவையும் ஒரே கோயிலில் தேட வேண்டாம். முதல் கோயிலில் தாங்குதளத்தை மட்டும், அடுத்ததில் கபோதத்தை மட்டும் என்று வைத்துக்கொண்டால் கண் பழகிவிடும்.

கேள்வி (பாபநாசம் வாசகர், கல்லூரி மாணவர்): யானையும் காளையும் உயிரோடு இருப்பதுபோலச் செதுக்கிய அதே கைகள், சிங்கத்தை மட்டும் ஏன் சிங்கமாகவே தெரியாதபடி செதுக்கியிருக்கின்றன?

பதில்: நல்ல கவனிப்பு. யானையும் காளையும் சிற்பியின் தெருவில் நடந்தவை. யானை முழந்தாளை மடக்கும் விதம், கால்நகங்களின் வரிசை, காளையின் கழுத்தடியில் தொங்கும் தாடை மடிப்பு, படுத்திருக்கும்போது ஒரு முன்கால் மட்டும் மடங்கி இன்னொன்று ஊன்றியிருப்பது ஆகியவற்றையெல்லாம் அவர் தினமும் பார்த்திருக்கிறார். சிங்கம் தமிழ்நாட்டுக் காடுகளில் வாழ்ந்த விலங்கன்று. அதை அவர் குருவிடமிருந்தும், முன்னோர் செய்த சிற்பங்களிலிருந்தும்தான் அறிந்தார். எனவே பிடரிமயிர் சுருள் சுருளாக அணிகலன்போல் ஆகிவிடுகிறது, விழி பிதுங்குகிறது, வாய் காதுவரை விரிகிறது. இதைத் திறமைக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கத்திடமிருந்து சிற்பி கேட்டது உருவ ஒற்றுமையை அன்று, காவலை.

யாளியோ எவரும் காணாத விலங்கு. சிங்க முகம் கொண்டால் சிம்ம யாளி, யானை முகம் கொண்டால் கஜ யாளி, மகர முகம் கொண்டால் மகர யாளி என்று பிரிப்பார்கள். நாயக்கர் கால மண்டபத் தூண்களில் அது ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும். சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை இருக்கும். அது உருளும், ஆனால் வெளியே வராது. ஒரே கல்லுக்குள்ளேயே அந்த உருண்டையைக் குடைந்து விடுவித்திருக்கிறார்கள். எல்லோரும் விரல்விட்டு உருட்டிப் பார்த்தே பற்கள் தேய்ந்துபோயிருப்பதால், தயவுசெய்து கண்ணால் மட்டும் பாருங்கள்.

குதிரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. அது இந்த மண்ணின் விலங்கன்று. எனினும் கடல்வழியே தொடர்ந்து வந்திறங்கியது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்ததைச் சங்கப் பாடலே சொல்கிறது. நம் சிற்பங்களில் குதிரை சிங்கத்தைவிட உண்மையாகவும், எப்போதும் சேணமும் மணிகளும் பூண்டு அரசனின் உடைமையாகவும் காணப்படுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகி): எந்த மாதம், எந்த நேரம் நல்லது? படம் எடுத்தால் சிற்பம் தட்டையாகத் தெரிகிறது.

பதில்: ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம், மார்கழி, தை, மாசி நடப்பதற்கு ஏற்றவை. ஆனால் சிற்பம் பார்ப்பதற்கு வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சுவரில் நாள் முழுவதும் வெளிச்சம் விழும். வடக்குச் சுவர் நிழலிலேயே இருக்கும். சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நம் பகுதியில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேராகவோ சற்று வடக்கேயோ நிற்பதால், அந்த மாதங்களில்தான் வடக்குச் சுவருக்கு உச்சிவேளையிலும் வெயில் கிடைக்கிறது. ஆகவே ஒரே கோயிலை மார்கழியில் ஒருமுறையும் ஆனியில் ஒருமுறையும் பார்ப்பவருக்கு இரண்டு சுவர்களும் முழுமையாகக் கிடைக்கும்.

படம் தட்டையாவது நேர் வெளிச்சத்தால். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் சுவரை உரசிக்கொண்டு வரும் சாய்வெயிலில்தான் யாளியின் விலா எலும்பும் நகமும் எழுந்து தெரியும். கருவறைப் பகுதியில் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் எடுக்கலாமா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் நடப்பதால், பதினொரு மணிக்குமேல் வெளிப்பிரகாரக் கல் காலைச் சுடும்.

கேள்வி (வலங்கைமான் வாசகர்): கோயில்களைத் தவிர வீடுகளில் பார்க்க ஒன்றுமில்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. அவைதான் வேகமாக மறைந்து வருகின்றன என்பதால், கோயிலைவிட வீட்டுக்கு முதலிடம் கொடுத்தாலும் தவறில்லை.

பழைய வீதிகளில் நடக்கும்போது, கீழ்த்தளம் முழுதும் கடைப்பலகைகளால் மறைந்திருக்கும்; அதைத் தாண்டி மாடியின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். நடுவில் ஒரு வளைவு எழும்பி, அதில் வீடு கட்டிய ஆண்டோ உரிமையாளரின் பெயரெழுத்தோ சுதையில், அதாவது சுண்ணாம்புச் சாந்து வேலையில், இருக்கும். அதன் இரு பக்கமும் சிங்கங்கள் காவல் நிற்கும், அல்லது மயில்கள் தோகையை மதில்மேல் தழையவிட்டு நிற்கும். ஆங்கிலேயர் காலத்து முத்திரையைப் பார்த்துச் செய்த, ஒரு காலைத் தூக்கி நிற்கும் சிங்கங்களும் உண்டு. அவற்றின் முகம் மட்டும் கோயில் யாளியின் முகமாகவே இருக்கும். வெளியூர் மாதிரி ஒன்றை உள்ளூர்க் கை தன் பழக்கப்படி செய்து முடித்திருக்கிறது. இத்தகைய சிங்கங்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வாசலுக்கு மேலே கஜலட்சுமி. இருபுறமும் யானைகள் துதிக்கையில் குடம் ஏந்தி நீர் சொரிகின்றன. சுதையிலும் உண்டு, நிலையின் நெற்றிக்கட்டையில் மரத்திலும் உண்டு. மரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது, யானையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து அந்த இடம் மட்டும் மழமழப்பாகிவிட்டிருப்பதைக் கவனியுங்கள். பின்பு திண்ணைத் தூண்களின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகள்: பெரும்பாலும் வாழைப்பூ தொங்கும், அதன் பக்கவாட்டில் கிளிகளோ யாளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். கதவில் பித்தளைச் சிங்கமுகம் வளையத்தைக் கவ்விக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அது ஒருவர் குடியிருக்கும் வீடு. வீதியிலிருந்து தெரிவதைப் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். திண்ணை ஏறுவதற்கு முன், “ஐயா, இந்தத் தூணைப் பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, அந்தத் தூண் எந்த ஊர்த் தச்சர் செய்தது என்பதையும் சொல்லி அனுப்புகிறவர்கள் நம் பக்கத்து மனிதர்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே!

பதில்: விடவில்லை. பெரிய கோயிலின் நந்தியை எல்லோரும் பார்க்கிறார்கள். அது நாயக்கர் காலத்தது; 1010-இல் இராசராசன் நிறைவு செய்த விமானத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. நீங்கள் இராசராசன் திருவாசலில் நின்று, வாயிற்காவலரின் காலடியைப் பாருங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியதென்று நமக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காத்து நிற்கும் இறைவன் எத்தகையவன் என்று எண்ணிப்பார்க்க வைக்கும் சிற்பம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அளவுகோலாக ஒரு விலங்கை வைத்த அந்த அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு விமானத்தின் உச்சிக்குக் கீழே அமர்ந்திருக்கும் நந்திகளைத் தேடுங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

கேள்வி (குத்தாலம் வாசகி): அம்மாவுக்கு மூட்டுவலி. நெடுந்தூரம் நடக்க முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள். பேரனும் உடன் வருவான்.

பதில்: நேரே தாராசுரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கும்பகோணத்தை அடுத்தே இருக்கிறது. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் அது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. இந்திரனின் யானை ஐராவதம் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். விலங்கின் பெயரையே இறைவன் தாங்கியிருக்கிறார். இராசகம்பீரன் மண்டபத்தைத் தேராக இழுக்கும் குதிரையின் அருகில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, பேரனிடம் ஒரு சிற்பத்தைத் தேடச் சொல்லுங்கள். யானையும் காளையும் எதிரெதிரே நின்று ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அது. கண்டுபிடித்ததும், காளையின் உடலைக் கையால் மறைத்துப் பார்க்கட்டும், தலை யானையுடையதாகிவிடும். யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையுடையதாகும். சிறுவனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அதை வரையச் சொல்லுங்கள். எத்தனை சிற்பம் பார்த்தாய் என்று எண்ணச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். தூண்களைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் யாளிகளும் அங்கே உட்கார்ந்த உயரத்திலேயே இருப்பதால் அம்மாவும் சிரமமின்றிப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு முடிந்தால் அடுத்த முறை திருபுவனம். பறவையும் சிங்கமும் மனிதனும் கலந்த சரபமூர்த்திக்கென்றே அங்கே தனிச் சன்னிதி இருக்கிறது. சுவாமிமலையில் படி அதிகம். ஆனால் முருகனுக்கு எதிரே மயிலுக்குப் பதிலாக யானை நிற்கும் அரிய காட்சி அங்கே உண்டு என்பதை அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்): எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள். முகப்பில் இரண்டு சுதைச் சிங்கங்கள் இருக்கின்றன. ஏதாவது செய்ய முடியுமா? கோயில் சிற்பங்களைச் சுத்தம் செய்கிறோம் என்று கெடுப்பதைப் பற்றியும் எழுதுங்கள்.

பதில்: சுதையைப் பெயர்த்து எடுப்பது எளிதன்று. செங்கல்லைக் கருவாக அடுக்கி, மணலும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தைச் சுவரோடு சுவராகப் பூசி உருவாக்கியது அது. உளி வைத்தால் தோல் தனியாகவும் கரு தனியாகவும் உதிர்ந்துவிடும். மரவேலையாக இருந்தால் நிலையோடு கழற்றி, புது வீட்டிலேயே வைக்கச் சொல்லி உரிமையாளரிடம் பேசிப் பார்க்கலாம், பலர் ஒப்புக்கொள்கிறார்கள். சுதைச் சிங்கத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது, இடிப்பதற்கு முன் முறையாகப் பதிவு செய்வது. நேர்முகமாக ஒன்று, இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்று, முகம் மட்டும் நெருக்கத்தில் ஒன்று என்று காலை வெயிலில் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க முடிந்தால் வையுங்கள். தெருப் பெயர், கதவு எண், சுதையில் உள்ள ஆண்டு, செய்தவர் பெயர் தெரிந்தால் அது ஆகியவற்றை எழுதி, வீட்டுக்காரருக்கு ஒரு படியும் ஊர் நூலகத்துக்கு ஒரு படியும் கொடுங்கள். அதைப் பார்த்துச் செய்ய ஆள் கிடைத்தால், புது வீட்டின் முகப்பில் அதே சிங்கங்களை மீண்டும் எழுப்பவும் முடியும்.

கோயில்களைப் பொறுத்தவரை, கல்லின் மேல் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்வது சிற்பத்தின் மேல்தோலையே உரித்துவிடும். நகம், பல், மயிர்ச்சுருள் ஆகியவைதான் முதலில் போகும்; கல்வெட்டு எழுத்தும் கூடவே போகும். குடமுழுக்கு நெருங்கும்போது உங்கள் ஊர்க் கோயிலில் அத்தகைய வேலை நடப்பதைக் கண்டால், உடனே நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சுதைக்கு வண்ணம் அடிப்பதில் தவறில்லை. அது மழையிலிருந்து காப்பது. ஆனால் பழைய வண்ணத்தைச் சுரண்டாமலே பூச்சுக்குமேல் பூச்சாக அடித்துக்கொண்டு போவதால்தான் யாளியின் வாய் அடைபட்டுப் போகிறது. இதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி, முன்பு எடுத்த படம் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள்.